முகம் சுளித்த குண்டு

"அண்ணி, இந்த வீட்டுல எல்லாரும் சோகமா இருக்காங்க. அந்த ஒரு திரைச்சீலையைத் தவிர" என்றான் ரேடியோ.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். தலைவர் சுடப்பட்டுச் செத்த அந்த மாடி அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஜன்னலுக்கு இரண்டு பாதியாகச் சாம்பல் நிறத் திரைச்சீலைகள். காற்று நன்றாகவே அடித்தது. மூன்று பாதிகள் அடியில் கல்லைக் கட்டிவிட்டதுபோல விறைப்பாகத் தொங்கின. நான்காவது மட்டும் ஒரு முனையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்குக்கூட இவ்வளவு துள்ளல் இருக்காது" என்று அவன் உரக்கச் சொல்லி, அந்த முனையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான். "இழவு வீடுன்னு யாராவது இதுகிட்ட சொன்னா தேவலை."

அறை வாசலில் நின்ற தலைவரின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர் மரியாதைக்காகச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரித்துப் பல மாதங்கள் ஆகின்றன.

துப்பறியும் அலுவலகம் அவள் கணவருடையது. அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்தார்கள், தைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணி போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவரை ஊரே அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் ஊருக்கே அண்ணி. உண்மையிலேயே அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான், அவருடைய தம்பி. வாய் மூடாமல் பேசுவதால் அண்ணனே வைத்த பெயர் ரேடியோ. அண்ணன் போனபிறகு அவன் இன்னும் அதிகமாகப் பேசினான். ஏன் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர உறைக்கவில்லை. வெகுநேரம் தலைக்கு வைத்துப் படுத்த கையைப்போல எல்லாம் மரத்துக்கிடந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான்.

"கைதான குழாய்க்காரரோட தங்கச்சி கேட்டுக்கிட்டதால வந்திருக்கோம்" என்றாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கேளுங்க, பரவாயில்லை" என்றார் மருமகன். கால்நடை மருத்துவர். கீழ்த்தளத்தில்தான் அவருடைய மருத்துவமனை. கையெல்லாம் பூனை பிராண்டிய கோடுகள். கேட்காததற்கும் பதில் சொல்கிற, உபகாரமான மனிதர்.

துப்பாக்கி சுடும் சங்கத்துக்குத் தலைவராக இருந்த மாமனாருக்குப் பழைய கைத்துப்பாக்கிகள் என்றால் பித்து. குழலில் வெடிமருந்தைக் கொட்டி, உருண்டைக் குண்டை முன்பக்கமாகத் திணித்துச் சுடும் ரகம். சுவர் முழுக்க அவைதான். அவற்றில் ஒன்றை எடுத்து, மத்தியானம் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவரைச் சுட்டுவிட்டு, துடைத்துத் தரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"சத்தம் கேட்கலையா?"

"கேட்டது. ஆனா மாமா அடிக்கடி வெறும் மருந்தைப் போட்டு வெடிச்சுப் பார்ப்பார். பழகிப்போச்சு. நான் கீழே ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கிட்டிருந்தேன். இவ வெளியே போயிருந்தா."

"குண்டு எங்க இருக்கும்?"

இதற்கு மகள் பதில் சொன்னாள். "வீட்டுல இருக்காது. துப்பாக்கியும் மருந்தும் இருக்கிற கூரைக்குக் கீழே குண்டு இருக்கக்கூடாதுன்னு அப்பா ஒரு சட்டம் வெச்சிருந்தார். குண்டெல்லாம் சங்கத்துலதான், பூட்டி."

"அப்ப குண்டு வெளியிலிருந்து வந்தது."

"குழாய்க்காரர் குண்டு வார்க்கிற அச்சுல வார்த்தது. போலீஸே சொல்லிட்டாங்களே" என்றார் மருமகன். "அன்னைக்குக் காலையில அவர் இங்க வந்து குளியலறைக் குழாயை மாத்திட்டுப் போனார். பின்பக்கப் படிக்கட்டு அவருக்குத் தெரியும். அவரும் சங்கத்து ஆள்தான். அந்த அச்சை மாமா கேட்டதும், அவர் தரமாட்டேன்னு சங்கத்துல கத்தினதும் ஊருக்கே தெரியும்."

கீழே இறங்கும்போது படியோரம் ஒரு பெட்டி நின்றது. தோல் வாரால் இறுக்கிக் கட்டிய, ஆண்கள் எடுத்துப்போகிற பயணப் பெட்டி.

"பயணமா சார்?" என்றான் ரேடியோ.

"போறதா இருந்தோம்" என்றார் மருமகன். மகள் பெட்டியைப் பார்க்காமல் கடந்து போனாள். அவள் பூவேலை செய்துகொண்டிருந்த துணிச் சட்டம் கூடத்து நாற்காலியில் ஊசி குத்தியபடி கிடந்தது.

மருத்துவமனைக் கூண்டில் அந்த நாய் படுத்திருந்தது. தொடையை மழித்து, கறுப்பு நூலால் வரிசையாகத் தைத்திருந்தார்கள். "பாவம், பேன்ட் கிழிஞ்சிருச்சு போல" என்று ரேடியோ குனிந்து கொஞ்சினான். அண்ணி பார்க்கவில்லை. அந்தத் தொடையின்மேல் கண் பட்டதுமே விலகிக்கொண்டது. ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

*

"நாளைக்குக் காலையில கோர்ட்டுல குற்றப்பத்திரிகை தாக்கல் பண்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர். இறந்துபோன அண்ணனின் பழைய கூட்டாளி அவர். அந்த ஒரு பாக்கியத்தால்தான் காவல் நிலையத்தின் பின்னறையில் குழாய்க்காரரோடு பேச விட்டிருந்தார். "அண்ணி, உங்க மனசுக்காகச் சொல்றேன். இதுல ஒண்ணும் இல்ல. அச்சு அவரோடது. குண்டு அவரோடது. யாருக்கும் ஒரு குண்டுகூடக் கொடுத்ததில்லைன்னு அவரே சத்தியம் பண்றார். வேற என்ன வேணும்?"

"அவரே தன் கழுத்துக்குக் கயிறு திரிச்சுத் தந்திருக்கார். ஒரு காபியாவது வாங்கிக் கொடுங்க" என்றான் ரேடியோ.

குழாய்க்காரர் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தார்.

"ஏன் யாருக்கும் கொடுக்கமாட்டீங்க?" என்றாள் அண்ணி.

"அப்பா சொன்னது. வார்த்தவன்தான் சுடணும். கை மாறக்கூடாது. மாறிட்டா, அது எங்க போய் யாரைத் தொட்டாலும் நம்ம கணக்குத்தான்னு சொல்வார்."

"எப்படி வார்ப்பீங்க? எனக்குத் தெரியாது. சொல்லுங்க."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கைகள் தாமாகவே எழுந்தன. எதிரே காற்றில் ஒரு அடுப்பு வந்தது. அதன்மேல் ஒரு இரும்புப் பானை.

"ஈயம் எங்களுக்குப் பஞ்சமில்ல. பழைய குழாய் கழட்டுறப்ப எல்லாம் வரும். உருகினதும் மேல ஆடை கட்டும், பால்ல கட்டுற மாதிரி. ஒரு துண்டு மெழுகு போட்டுக் கிண்டுனா அழுக்கெல்லாம் மேல வந்துரும், வழிச்சிரணும். அப்ப உள்ள பார்த்தா முகம் தெரியும்." இடது கை எதையோ இறுக்கிப் பிடித்தது. "அச்சு குறடு மாதிரி இருக்கும். ரெண்டு தாடை. மூடணும். கரண்டியால ஊத்தணும், ஒரே ஊத்து, நடுவுல யோசிக்கக்கூடாது. உறைஞ்சதும் மேல் தகட்டைக் கட்டையால ஒரு தட்டு." வலது கை தட்டியது. "மரக்கட்டைதான். இரும்பு பட்டா அச்சு போச்சு. அப்பா ஒரு தடவை கைதவறிக் கல்லு மேல போட்டுட்டார். உள்ள ஒரு கீறல் விழுந்துருச்சு. அதிலிருந்து பிறக்கிற எல்லாக் குண்டுக்கும் இடுப்புல மயிரிழையா ஒரு கோடு இருக்கும். எங்க குடும்ப மச்சம்பார்."

"மச்சம் இருந்தா அதிர்ஷ்டம்னு சொன்னவனைத் தேடிப் பிடிக்கணும்" என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டர் குண்டின் புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். பெரிதாக்கிய படம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மறுபக்கம் அந்தக் கோடு. கோட்டைச் சுற்றி, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல மேல்தோல் சுருங்கியிருந்தது.

"இதை உங்களுக்குக் காட்டினாங்களா?"

"கோட்டை மட்டும் காட்டினாங்க. ஆமா என்னோடதுன்னேன்." குழாய்க்காரர் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இது என்னோடதுதான். ஆனா இதை நான் சுட்டிருக்க முடியாது."

"எப்படி?"

"மூஞ்சியைப் பாருங்க, சுளிச்சிருக்கு. அச்சு குளிர்ந்திருந்தா ஈயம் போய் நிறையுறதுக்குள்ள உறைஞ்சிரும். மூலையெல்லாம் மழுங்கி, தோல் சுருங்கிப்போகும். அச்சு சூடாகுற வரைக்கும் முதல்ல விழுறது எல்லாமே இப்படித்தான். இதைத் துப்பாக்கியில போட்டா எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது."

"நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு சுட்டா எங்க போகும்னு எனக்கே தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த முதல் குண்டுகளை என்ன பண்ணுவீங்க?"

"மத்தவங்க திரும்பப் பானையிலேயே போட்டு உருக்கிடுவாங்க. அப்பா அப்படிச் செய்யமாட்டார். டப்பாவுல போடும்பார். ஜன்னல்கிட்ட ஒரு தகர டப்பா இருக்கும். நானும் அதுலதான் போடுறேன்."

"டப்பா நிறைஞ்சா?"

குழாய்க்காரர் படத்தை மேசைமேல் திரும்ப வைத்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நிறைஞ்சதில்லையே" என்றார் மெதுவாக.

"இத்தனை வருஷமா போடுறீங்க. நிறையலையா?"

"சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தாங்க. போடப் போடக் காலியா இருக்கும்."

"டப்பாவா என் சட்டைப் பையா?" என்றான் ரேடியோ.

அண்ணி எழுந்துவிட்டாள். "வீட்டுல வேற யாரு?"

"தங்கச்சி மட்டும்தான்."

*

தங்கச்சி, குழாய்க்காரர் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தாள். தன் அண்ணனைப் போலீஸ் கொண்டுபோன நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தாள். அறை முழுக்கத் துணி மலை. அண்ணியைக் கண்டதும் எழ முயன்றாள்; மடியிலிருந்த துணி அவளை எழவிடவில்லை.

"விட்டுடுவாங்களாக்கா?"

"உங்க வீட்டுல ஒரு டப்பா இருக்காமே" என்றாள் அண்ணி. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளிடமிருந்து போயிருந்தது.

பின்பக்கக் கொட்டகையில் எல்லாம் குழாய்க்காரர் கையால் காட்டியதுபோலவே இருந்தது. அடுப்பு, பானை, கரண்டி, ஒரு முனை தேய்ந்துபோன மரக்கட்டை. அச்சு இருந்த ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. ஜன்னலோரம் மூடியில்லாத பிஸ்கட் டப்பா. உள்ளே இரண்டே இரண்டு உருண்டைகள். ரேடியோ ஒன்றை எடுத்தான். சுருங்கிய தோல். இடுப்பில் மயிரிழைக் கோடு.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"எது, எடையா?" என்றாள் தங்கச்சி. "நான் எடுத்துக்குவேன். வாங்க காட்டுறேன்."

முன்னறைக்கு வந்து உட்கார்ந்து, இயந்திரத்தின்மேல் கிடந்த துணியின் அடிமடிப்பை அண்ணியின் கையில் கொடுத்தாள். மூலையில், மடிப்புக்குள்ளே, உருண்டையாக ஒன்று கனத்தது.

"திரைச்சீலைக்கு அடியில கனம் வேணும்க்கா. இல்லைன்னா காத்துல பறக்கும். அப்பா வார்ப்பார், அம்மா தைப்பாங்க. முதல்ல விழுறது அம்மாவுக்கு. அவர் எனக்குக் கொடுத்த நகை இது ஒண்ணுதான்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க. அம்மாவுக்குப் பத்தாதுன்னா அப்பா அச்சை ஆறவிட்டு ஆறவிட்டு ஊத்துவார். யாரும் பாக்கலைன்னு நினைப்பு அவருக்கு. அம்மாவுக்கு அப்புறம் நான் எடுத்துக்கிறேன்."

அண்ணி அந்த உருண்டையை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டே நின்றாள். வேறொரு சமயமாக இருந்தால் இந்த இடத்தில் அழுகை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வரவில்லை.

"யாருக்காவது குண்டு கொடுத்தீங்களான்னு இன்ஸ்பெக்டர் உங்களையும் கேட்டாரே. இதை ஏன் சொல்லலை?"

"இது திரைச்சீலைக்குப் போடுறதுக்கா. பிறந்ததிலிருந்து இதைத் துணியிலதான் பாத்திருக்கேன். இதைப் போய் யாராவது துப்பாக்கியில…" அவள் நிறுத்தினாள்.

"தலைவர் வீட்டு மாடி ஜன்னலுக்குத் தைச்சது யாரு?"

தங்கச்சியின் கால் இயந்திரத்தின் மிதியிலிருந்து தானாக இறங்கியது.

"நான்தான்" என்றாள். "மாட்டுறப்ப அவர் மருமகன்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். மகளும் பக்கத்துல நின்னாங்க. கீழே என்ன உருண்டையா இருக்குன்னு கேட்டாங்க. எங்க அண்ணன் அச்சுல முதல்ல விழுறது, உங்க அப்பாவுக்கு அச்சு கிடைக்கலைன்னாலும் குண்டாவது வீட்டுக்கு வந்துருச்சேன்னு… வேடிக்கையாத்தான்க்கா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தத் துள்ளும் முனை கண்ணுக்குள் வந்தது.

*

"ஊர்ல பாதி ஜன்னல்ல இந்தப் பொண்ணு தைச்ச சீலைதான் தொங்குது" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார் இன்ஸ்பெக்டர். "அவ்வளவு குண்டும் ஊர்ல சுத்துதுன்னா, யாரை அண்ணி பிடிக்கிறது?"

"ஒரு ஜன்னல்லதான் ஒண்ணு குறையுது" என்றாள் அண்ணி.

தலைவர் வீட்டு மாடி அறைக்குள் முதலில் நுழைந்தது ரேடியோதான். நுழைந்த வேகத்தில் நின்றான். காலையைவிடக் காற்று பலமாக இருந்தது. திரைச்சீலையின் நான்கு பாதிகளும் அணிவகுப்பு நடத்துவதுபோல நேராகத் தொங்கின. ஒரு முனைகூட அசையவில்லை.

"ஆடிச்சு சார்" என்றான். "காலையில ஆடிச்சு. சத்தியமா."

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் அவனுக்கு அவமானமாக இருந்தது. தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கீழே நிற்கும் காரில் ஏறி வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த கொஞ்ச வெளிச்சமும் அணைந்தது.

"என் வாய்தான் அண்ணி" என்றான் ரேடியோ தணிந்த குரலில். "ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு நான்தான் அதைப் பிடிச்சு ஆட்டி ஊரைக் கூட்டினேன். தூங்கினவங்களைத் தட்டி எழுப்பின மாதிரி."

அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு முனையாகத் தடவிக்கொண்டு போனாள். உருண்டை. உருண்டை. அடுத்ததும் உருண்டை. இரண்டாவது ஜன்னலின் உள்முனையில் விரல் நின்றது. கனம் இருந்தது. ஆனால் அதற்கு மூலைகள் இருந்தன. துணிக்குமேல் விரலை ஓட்டினாள். ஆறு பக்கம்.

"நட்டு" என்றாள். "இரும்பு நட்டு."

"கூடத்துல பூவேலைச் சட்டம் கிடந்துச்சே" என்று ரேடியோ அவள் காதருகே குனிந்தான். "இந்த வீட்டுல ஊசி பிடிக்கிற கை ஒண்ணுதான். மகள்."

தங்கச்சியும் வந்து குனிந்தாள். "இது என் நூல் இல்லக்கா."

அண்ணி மடிப்பைத் திருப்பினாள். வெளிச்சம் விழுந்தது.

சின்னச் சின்னத் தையல்கள். ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு. முடிச்சுக்குமேல் ஒரே அளவாக நறுக்கிவிட்ட இரண்டு நூல் நுனிகள், எறும்பு மீசைபோல நீட்டிக்கொண்டு.

அறை அப்படியே இருந்தது. மருந்து நெடி மட்டும் எங்கிருந்தோ வந்தது. கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். பஞ்சு. கணவரின் தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே போகிற வரிசை. ஒரு முடிச்சைத் துடைத்து, அடுத்த முடிச்சு. வலிக்குதா என்று கேட்டால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்பார். தினமும். இந்த முடிச்சை அவள் விரல்களுக்குத் தெரியும். வேறு எதைவிடவும் நன்றாகத் தெரியும்.

"யாரும் இதைப் பிரிக்காதீங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்த ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

மகள் வழக்கம்போல வாசலிலேயே நின்றாள். மருமகன் உள்ளே வந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஏதாவது வேணுமா?" என்றார்.

"இந்த முனையைத் தைச்சது யாரு?"

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "என் மனைவியாத்தான் இருக்கும். தையல்ல கெட்டிக்காரி."

"நான் இல்ல" என்றாள் மகள். "அப்பாவைத் தூக்கிட்டுப் போனதிலிருந்து இந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே வரல. காலையில நீங்க வந்தப்பவும் இங்கதான் நின்னேன்."

"ஆமா" என்றாள் அண்ணி. "பார்த்தேன்." பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "துணி தைக்கிறவங்க நூலை ஓட்டிக்கிட்டே போவாங்க. கடைசியிலதான் முடிச்சு. இதுல தையலுக்குத் தையல் முடிச்சு. ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிரியக்கூடாதுன்னு போடுறது. உடம்பைத் தைக்கிற கை இது. கீழே கூண்டுல நாய் இருக்கு. அதோட தொடையையும் இதையும் சேர்த்து வெச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் படியை நோக்கித் திரும்பினார்.

"சரி, நான்தான் தைச்சேன்" என்றார் மருமகன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கிழிஞ்சிருந்தது. தைச்சேன். அது குத்தமா?"

"பின்ன ஏன் மனைவி தைச்சாங்கன்னீங்க?"

"மறந்துட்டேன்."

"இன்னைக்குக் காலையில நாங்க போனப்புறம் செஞ்ச வேலை சார். அதுக்குள்ளயா?" என்றான் ரேடியோ.

"உள்ள என்ன வெச்சுத் தைச்சீங்க?" என்றாள் அண்ணி.

"உள்ள இருந்ததைத்தான்."

"உள்ள இருந்தது ஈய உருண்டை. இதுல இருக்கிறது நட்டு. அந்த உருண்டை எங்க?"

அவர் கண்கள் மட்டும், அவரைக் கேட்காமலேயே, சுவரில் ஒரு துப்பாக்கி குறைகிற இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பின. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்துத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் பிடித்தார். யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

வாசலிலிருந்து மகள் பேசினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. எதையோ ஒப்பிப்பதுபோல இருந்தது. அந்தக் குரலை அண்ணி அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளே இத்தனை மாதமாகப் பேசுகிற குரல்.

"படிகிட்ட இருக்கிற பெட்டி அவரோடது. கட்டி வெச்சது அப்பா. அவர் என்னை அடிக்கிறது அப்பாவுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டுப் போயிடணும்னு சொல்லிட்டு மேலே வந்து படுத்தார்."

"முன்னாடியே ஏம்மா சொல்லலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குழாய்க்காரர்தான்னு நீங்க எல்லாரும் அவ்வளவு உறுதியா சொன்னீங்க" என்றாள் அவள். "நானும் அப்படியே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

தங்கச்சி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த ஒரு முனையைத் தவிர மற்ற மடிப்புகளைத் தன் கையால் நேராக நீவிவிட்டாள். அது அவள் தைத்த துணி.

*

தங்கச்சியைக் காவல் நிலைய வாசலில் இறக்கிவிட்டார்கள். அண்ணனைக் கையோடு கூட்டிப்போகாமல் நகரமாட்டேன் என்று அவள் அந்த மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்துகள் எல்லாம் முடிய நேரமாகும் என்றார்கள். ஆகட்டும் என்றாள்.

கார் ஓடியது. ரேடியோ ஓடவில்லை. சந்தை முனை வந்தது, போனது. பாலம் வந்தது, போனது. வழக்கமாக அந்தப் பாலத்தைப்பற்றி அவனிடம் ஒரு நகைச்சுவை உண்டு. தினமும் சொல்வான்.

"உன் வாயைத் திட்டிக்காதே" என்றாள் அண்ணி. "நீ அதை ஆட்டிக் காட்டலைன்னா அந்த ஆள் தைச்சிருக்கமாட்டான். தைக்கலைன்னா நம்ம கையில ஒண்ணுமில்ல. சும்மா ஒரு முனை ஆடுது, அவ்வளவுதான்."

"அது இல்ல அண்ணி." அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த முடிச்சு உங்களுக்கு எப்படித் தெரியும்னு எனக்கு இப்பத்தான் உறைச்சது."

அவள் விரல்களை மடியில் மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு அதைப் பார்க்கிற தைரியம் வந்ததில்ல. நீங்க கட்டுப் பிரிக்க ஆரம்பிச்சதும் நான் வெளியே ஓடிருவேன். வாசல்ல நின்னுக்கிட்டு யார் வந்தாலும் பிடிச்சுவெச்சு ஏதாவது பேசிக்கிட்டே இருப்பேன். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், யார் கிடைச்சாலும். உள்ள என்ன நடக்குதுன்னு காதுல விழக்கூடாதுன்னு."

"கேட்கும்" என்றாள் அண்ணி.

"எது?"

"நீ பேசுறது. உள்ள எங்க ரெண்டு பேருக்கும் கேட்கும். ஒரு வார்த்தை விடாம."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்தவன் ஒலி எழுப்பிவிட்டுக் கடந்து போனான்.

"அண்ணன் என்ன சொல்வார்?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை மரத்துப்போய் ரத்தம் திரும்பி ஓட ஆரம்பிக்கும்போது முதலில் வலிக்கத்தான் செய்யும். ஊசி ஊசியாக, விரல் நுனியிலிருந்து.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லும்பார்" என்றாள்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. பிறகு, தாண்டி வந்துவிட்ட பாலத்தைப்பற்றிய அந்த நகைச்சுவையை, ஆரம்பத்திலிருந்து, உரக்கச் சொல்லத் தொடங்கினான்.